சொட்டாத ஜன்னல்

ஒட்டி மூடிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, விரல்கூட நுழைய முடியாத இடத்தில், ஈரம் எப்படிப் போயிற்று? டீச்சரம்மா ஏணி மாமாவிடம் கேட்ட கேள்வி இது. முதல்முறை இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை.

ஏணி மாமா ஜன்னல் துடைப்பவர். ஆளும் ஏணி மாதிரி ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார்; தெரு முழுக்க அவருக்கு அதுதான் பெயர். மனைவியின் தம்பியான மாப்ளதான் தொழிலில் கூட்டாளி. இருவருக்கும் சோறு போட்டது ஒரே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி. வெளிச் சத்தமும் குளிரும் உள்ளே வராமலிருக்க, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றை அடைத்து, ஓரத்தை ரப்பர் மாதிரி ஒன்றால் மூடியிருப்பார்கள்.

அந்த ஜன்னல்களைப் போட்ட கம்பெனிக்குப் போன் செய்தால் பாட்டு மட்டும் கேட்கும். ஏணி மாமாவுக்குச் செய்தால் ஆளே வந்து நிற்பார். அதனால் கண்ணாடியைப் பற்றிய எந்தப் புகாரும் அவர் தலையில்தான் விடியும்.

முதல் மாடி டீச்சரம்மாவின் ஜன்னல்கள் யாரோ வாய்வைத்து ஊதியதுபோல் மங்கிக் கிடந்தன. துடைத்த லட்சணம் இதுதானா என்று அவர் கேட்டார். ஏணி மாமா வெளிப்பக்கம் மறுபடி துடைத்தார். டீச்சரம்மா உள்பக்கம் துடைத்தார். மூட்டம் அப்படியே இருந்தது.

"அழுக்கு நடுவுல இருக்கு டீச்சர். அங்க என் துணி எட்டாது."

"உங்க துணி எட்டாத இடத்துக்கு ஈரம் மட்டும் எப்படி எட்டுச்சு?"

கடைசியில் கம்பெனிக்காரர் வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் அறை நடுவில் நின்றபடியே பார்த்தார், குனியக்கூட இல்லை. துடைக்கிறவர்கள் அழுக்குச் சுரண்டும் பிளேடைப் போட்டு ஓரத்து ரப்பரைக் கிழித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீச்சரம்மாவின் பார்வை ஏணி மாமாவின் வாளியில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம், அங்கே முடிவு செய்யலாம், அதுவரை ஏணி சாத்த வேண்டாம் என்றார். அந்தக் கட்டடம் போனால் ஏணி மாமா வீட்டில் அடுப்பெரியாது.

அவர் ஓரத்தில் பிளேடு வைத்ததே இல்லை. அப்படியானால் யார்? மிச்சமிருந்தது மாப்ளதான். நினைக்க நினைக்க ஒவ்வொன்றும் தப்பாகவே பட்டது. வேலை முடிந்த பிறகும் அவன் ஏணியில் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ செய்வான். இறங்கும்போது நீள மூக்குள்ள டியூப் ஒன்று சட்டைப் பைக்குள் போகும். போதாக்குறைக்கு, ஒருநாள் டீக்கடையில் அந்தக் கம்பெனிக்காரரோடு பேசிக்கொண்டு நின்றான். விலை போய்விட்டானோ?

வீட்டில் சாப்பிடும்போது ஏணி மாமாவின் கண் அவனைவிட்டு நகரவில்லை. அவர் மனைவி கவனித்துவிட்டார். "தட்டப் பாத்து சாப்பிடுங்க. என் தம்பி மூஞ்சி எங்கயும் ஓடிப்போகாது." மாப்ள பாதிச் சோற்றில் எழுந்து போனான். அவன் போனதும் ஏணி மாமா அவனுடைய பையைத் துழாவினார். அந்த டியூப் கிடைத்தது; உள்ளே கண்ணாடி நிறத்தில் காய்கிற ஒட்டுப் பசை. தானே கிழித்துத் தானே ஒட்டுகிறானா என்று சந்தேகம் இன்னும் வளர்ந்தது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மழை கொட்டியது. ஏணி மாமா எதிர்க் கட்டடத்தின் முகப்பில் ஒதுங்கி நின்றார். குடியிருப்புக்குப் பக்கத்துக் கட்டடத்திலும் அதே மாதிரி ஜன்னல்கள். அவற்றின் கீழ்ச் சட்டத்திலிருந்த சின்ன ஓட்டைகள் வழியாக, சட்டத்துக்குள் இறங்கிய மழைநீர் சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது. தான் துடைக்கும் கட்டடத்தைப் பார்த்தார். ஒரு ஜன்னல்கூடச் சொட்டவில்லை.

தடையாவது ஒன்றாவது என்று மழையிலேயே ஏணியைச் சாத்தி ஏறினார். கண்ணாடிக்குப் பின்னால் டீச்சரம்மா ஓடி வந்தார். அவர் வாய் அசைவது மூட்டத்தினூடே தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஏணி மாமா ஓட்டையில் கம்பியை விட்டு நெம்பினார். பசைக் கட்டி ஒன்று தெறித்து விழுந்தது. நாற்றமடிக்கும் கறுப்புத் தண்ணீர் அவர் முழங்கைவரை வழிந்தது.

அவர் இறங்கிப் போன் செய்ததும் மாப்ள குடையோடு வந்தான்.

"இது உன் வேலையா?"

"என் வேலைதான். ஒரு ஓட்டை விடல மாமா." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "கீழ்வீட்டுக் கண்ணாடியில இனி ஒரு கோடு விழுந்தா ஏணியில கால் வைக்காதன்னு சொன்னது யாரு? அதுக்கப்புறம் கோடுன்னு ஒரு புகார் வந்துச்சா?"

வரவில்லை. துடைத்து முடித்ததும் அந்த ஓட்டைகளிலிருந்து அழுக்குநீர் சொட்டி, கீழே பளபளவென்றிருக்கும் கண்ணாடியில் கறுப்புக் கோடு இழுக்கும். ஜன்னல் துடைப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. அவை கம்பெனி அடைக்க மறந்த ஓட்டைகள் என்று மாப்ள நினைத்திருக்கிறான். டீக்கடையில் அவன் கேட்டது எந்தப் பசை நன்றாக நிற்கும் என்று. கம்பெனிக்காரரும் எதற்கு என்று கேட்காமலே பெயரைச் சொல்லியிருக்கிறார். வெளியே போக வழியில்லாத தண்ணீர் சட்டத்துக்குள் தேங்கி, ஓரத்து ரப்பரை ஊறவைத்து இளக்கி, ஈரமாக நடுவே புகுந்துவிட்டது.

"பசைய எல்லாம் பிடுங்கிடலாம் மாமா. சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

ஏணி மாமா மேலே பார்த்தார். டீச்சரம்மா இன்னும் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

மறுநாள் கூட்டத்தில் அவர் பசைக் கட்டிகளை ஒரு டம்ளரில் போட்டு மேஜைமேல் வைத்தார். அடைத்தது மாப்ள, அடைக்க வைத்தது தன் வாய் என்று இரண்டையும் சொன்னார். டீச்சரம்மா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நீங்களா வந்து இவ்வளவு சொல்றீங்கன்னா, சொல்லாதது இன்னும் எவ்வளவு இருக்கு?"

இருந்தாலும் அவர்களையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவர்தான். இடத்தைவிட்டு அசையாமல் பிளேடு என்று சொன்னவரைவிட, மழையில் ஏறிப் பார்த்தவர் மேல் என்றார். ஆனால் இனி தன் கண்முன்னால்தான் துடைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மூட்டம் விழுந்த கண்ணாடிகள் அப்படியேதான் இருக்கின்றன, கம்பெனி கைவிரித்துவிட்டது. துடைக்கிற நாளில் டீச்சரம்மா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த மங்கலில் அவர் முறைக்கிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாது. இப்போதெல்லாம் ஓட்டைக்குக் கீழே ஒரு துணியைச் செருகிவைத்து, சொட்டு நின்ற பிறகு எடுக்கிறார்கள். மாப்ள இறங்கியதும் ஏணி மாமா தானும் ஏறி ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பியை விட்டுப் பார்க்கிறார். அது தெரிந்துதான் மாப்ள இறங்கும்போதே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறான்.

உங்கள் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் அந்தச் சின்ன ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். பார்த்துவிட்டு, துடைக்க வருகிறவரிடமும் அடுத்த வீட்டுக்காரரிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒருவரையொருவர் முறைக்கத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.