துலாவடிக்குப் போன சைக்கிள்

இளையதம்பியண்ணை சைக்கிள் கட்டத் தொடங்கியபோது அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான். உடுவிலில் அவர் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகுவேலி. என் ஸ்பானர்களை இரவல் வாங்குவதற்கென்றே அந்த வேலியில் ஆள் புகுகிற அளவுக்கு ஒரு பொட்டு வைத்திருந்தார். வாங்கிய சாமானைத் தானாகத் திருப்பித் தரும் பழக்கம் அவருக்கு இல்லை. நானே பொட்டுக்குள்ளால் புகுந்து எடுத்து வரவேண்டும். அதில் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

அவர் பிறந்த ஊர் கோப்பாய். அருமைநாயகியக்காவைக் கட்டி, அவவின் சீதன வீட்டுக்கு உடுவிலுக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். ஆனால் தகப்பன் வழி வந்த அவனுடைய முதுசக் காணி கூடவே எழும்பி வராது. அது நாலு மைலுக்கு அப்பால் கோப்பாயிலேயே கிடந்தது. ஆறு பரப்புச் செம்மண், புகையிலைக்குத் திறமான காணி. கிணறு மட்டும் பங்குக் கிணறு. தமையன் மார்க்கண்டர், ஒன்றுவிட்ட தம்பி தேவராசா, இவர் என மூன்று பேருக்கும் முறை வைத்து இறைப்பு. மூன்று நாளைக்கு ஒருமுறை இவருடைய நாள் வரும்.

முறைக்கு ஒரு சட்டம் இருந்தது. விடிந்து வரும்போது முறைக்காரன் கிணற்றுத் துலாவடியில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அடுத்த பங்காளி தண்ணீர் அள்ளுகிற பட்டையைக் கிணற்றில் இறக்கலாம். இறக்கியவனை இடையில் நிறுத்த முடியாது. அவன் இறைத்து முடித்த பிறகு கிணற்றில் மிஞ்சுவது கலங்கலும் உவரும்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அண்ணன் தம்பிக்குச் சொல்லவா வேண்டும்?

நாற்பத்திரண்டாம் ஆண்டுப் போகத்தில் இளையதம்பியண்ணை ஐந்து முறை தவறவிட்டார். கூப்பன் அரிசிக் கஞ்சி குடித்துவிட்டு இருட்டோடு நாலு மைல் நடக்கிற மனுசன் எப்போதும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா? புகையிலை பாதி சோர்ந்து போயிற்று. மார்க்கண்டர் கோபக்காரர் இல்லை, கணக்கான மனுசன். காணியைக் கருக விடுவதைவிடத் தன்னிடம் குத்தகைக்குத் தரும்படி கேட்டார். இவர் மாட்டேன் என்றார். மகளுக்குச் சீதனமாக அவர் நினைத்து வைத்திருந்தது அந்த ஆறு பரப்பு ஒன்றைத்தான். கடைசியில் இருவரும் பிள்ளையார் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணிக்கொண்டார்கள். வருகிற போகத்தில் ஒரே ஒரு முறை தவறினாலும் காணி பத்து வருஷத்துக்கு அண்ணன் கைக்குப் போகும்.

அன்றைக்குத்தான் அவர் சைக்கிளைப் பற்றி யோசித்தார்.

உலகச் சண்டைக்காலம். புதுச் சைக்கிளை வாங்க எங்களிடம் என்ன இருக்கிறது? மாட்டுவண்டியோடு மோதி வளைந்த ஒரு சட்டம் சுன்னாகத்தில் தியாகராசாவின் சைக்கிள் கடைக்குப் பின்னால் கறள் பிடித்துக் கிடந்தது. தியாகராசாவின் வெங்காயத் தறையைப் பத்து நாள் கொத்திக் கொடுத்து இவர் அதை எடுத்தார். கொல்லன் பட்டறையில் கிடத்தி நிமிர்த்தினார்கள். பின் சில்லு ஓரிடத்தில் கிடைத்தது, முன் சில்லு வேறோரிடத்தில். முன்னது இரண்டு அங்குலம் சின்னது, அதனால் சைக்கிள் எப்போதும் கோயிலில் கும்பிடுகிறவன்போலக் குனிந்தே நின்றது. இரண்டு அறுந்த சங்கிலிகளை ஒன்றாக்கினார். பிரேக் இல்லை, கால்தான். மணி இல்லை, இருமல்தான். டயருக்கு அரசாங்கத்தின் பெர்மிட் வேண்டும், எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது கனவிலும் கிடையாது. தேய்ந்த இரண்டு டயர்களுக்குள் ரியூப்புக்குப் பதிலாகத் தும்புக் கயிற்றைத் திரித்துத் திணித்தார். காற்றுப் போகிற பயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து பேசும்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் இருட்டோடு கோப்பாய்க்கு வெள்ளோட்டம் போனார். விடிய முன்னமே துலாவடியில் நின்றார். பிறகு நின்றுகொண்டே இருந்தார். ஒருவர் இறைத்தால் இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பி மாறவேண்டும். அந்த இன்னொருவர் அருமைநாயகியக்கா. அக்கா அப்போதுதான் உரும்பிராய்ச் சந்தி தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தா. எட்டு மாதமாகச் சைக்கிளைக் கட்டிய மனுசனுக்கு இது ஒரு நாளும் மனதில் படவில்லை. எனக்கும் படவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவ எங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்து திரிந்த மனுசி, ஆனாலும் நாங்கள் யாரும் அவவைக் கணக்கில் எடுக்கவில்லை. கூலிக்கு ஆள் பிடிக்கவும் வழியில்லை, கைகால் உள்ளவன் எல்லாம் பலாலியில் விமானத் திடல் வேலைக்குப் போய்விட்டான்.

ஆகவே மறுபடி என் ஸ்பானர்கள் வேலியைத் தாண்டின. வீட்டில் கால் உடைந்து கிடந்த கதிரையின் முதுகையும் கைப்பிடியையும் அறுத்து, பின் சில்லுக்கு மேலே பக்கவாட்டில் இருக்கத்தக்கதாக ஓர் ஆசனம் பூட்டினார். கால் வைக்க ஒரு பனஞ்சிலாகை. சேலை சில்லுக்குள் போகாமல் இருக்கச் சாக்கு மறைப்பு. விழாமல் இருக்க மடிக்குக் குறுக்கே ஒரு கயிறு. "இளையதம்பியின்ரை தேர்" என்று வீடு வீடாக எங்கள் ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. புருசனுக்குப் பின்னால் சைக்கிளில் குந்திப் போகிற பெண்ணை அந்தக் காலத்தில் யார் கண்டது? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. அக்கா இருட்டோடு போகும்போது மட்டும் ஏறுவா. திரும்பி வரும்போது வெயிலில் அவர் சைக்கிளை உருட்ட, அவ பத்தடி பின்னால் நடந்து வருவா.

மார்கழியில் நடுகை முடிந்தது. தை போயிற்று, மாசி போயிற்று. ஒரு முறையும் தவறவில்லை. புகையிலை முழங்காலைத் தாண்டி நின்றது. மார்க்கண்டரே வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். இளையதம்பியண்ணை மட்டும் மெலிந்து கறுத்து, அவர் சைக்கிளைச் சுமக்கிறாரா, சைக்கிள் அவரைச் சுமக்கிறதா என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டார். இரவில் காலில் நரம்பு இழுக்கும் என்பார். இன்னும் நாலு கிழமை, வெட்டு முடிந்தால் ஆறலாம் என்பார்.

பங்குனியில் பிள்ளைகள் இருவருக்கும் காய்ச்சல். அக்கா மூன்று இரவு கண்மூடவில்லை. நாலாம் நாள் முறை. பிள்ளைகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அவ ஆசனத்தில் ஏறினதை நான் கண்டேன். பிறகு நடந்ததை அவரே எனக்குச் சொன்னார், ஒரே ஒருமுறை.

உரும்பிராய் தாண்டியதும் முதுகில் பாரம் விழுந்தது. அவவின் தலை. கூப்பிட்டுப் பார்த்தார், நல்ல நித்திரை. அந்த றோட்டில் அதற்கு மேல் கல்லும் குழியும். வேகமாக மிதித்தால் தும்பு டயர் ஒவ்வொரு குழியிலும் தூக்கி அடிக்கும், அவ முழித்துவிடுவா. மெல்ல மிதித்தால் விடிந்துவிடும். கிழக்கு வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் மெல்ல மிதித்தாராம். குழிகளைச் சுற்றிச் சுற்றிப் போனாராம்.

தோட்டத்துக்கு இரண்டு காணி இருக்கும்போதே துலா கிறீச்சிடும் சத்தம் கேட்டது. தேவராசா துலாவில். மார்க்கண்டர் வரம்பில் நின்றார்.

"முறை தவறிப் போட்டுது, தம்பி," என்றார். அதில் சந்தோஷம் இல்லை. ஆனால் கற்பூரம் கற்பூரம்தான், அதை மாற்றிப் பேச அவருக்கும் பயம்.

அந்தச் சத்தத்தில்தான் அக்கா முழித்தா. விடிந்த வானத்தைப் பார்த்தா, துலாவைப் பார்த்தா. நடந்தது விளங்கியதும் கயிற்றை அவிழ்க்கவும் மறந்து அப்படியே இருந்தா.

"ஏன் என்னை எழுப்பேல்லை?"

"எழுப்ப மனம் வரேல்லை."

"பிள்ளையின்ரை காணியெல்லோ. என்ரை நித்திரைக்கோ அதைக் குடுத்தனீங்கள்?"

இளையதம்பியண்ணை சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். விட்டால் அவ விழுந்துவிடுவா.

"நீ நித்திரை கொண்டதை நான் இந்தப் பதினொரு வருஷத்திலை கண்டதில்லை," என்றார். "எப்பிடியெண்டு ஒருக்கால் பாக்க ஆசையாக் கிடந்தது. எனக்கும் ஏலாது, அருமை. களைச்சுப் போனன்."

அவ அழுதா. திட்டினா. மார்க்கண்டர் அந்தப் பக்கம் போய்விட்டார். சாய்ந்து நிற்கும் சைக்கிளில் கட்டுண்டபடி ஒரு பெண் புருசனைத் திட்டுவதைக் கோப்பாய்த் தோட்டக்காரர் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். திட்டி முடிந்ததும் அவ சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. அவர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். வெயில் ஏறிவிட்டது, அவ இறங்கி நடக்கவேண்டிய நேரம்.

"அவிழ்க்காதையுங்கோ," என்றா.

காலை எட்டு மணிக்கு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் சந்தைக்குப் போகிற சனமும் பார்த்து நிற்க, அவர்கள் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார்கள். அவர் மிதிக்கவில்லை, இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். அக்கா கதிரை முதுகில் சாய்ந்து, வாய் சற்றே திறந்தபடி நித்திரை. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். இளையதம்பியண்ணை உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கிவிட்டு, தன் வீட்டு வாசல் படலையையும் தாண்டி, நிறுத்தாமல் உருட்டிக்கொண்டு போனார்.