பிரேக் இல்லாத பலகை

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தால் எதையாவது தூக்கிக்கொண்டுதான் போவார். மிக்சி போயிருக்கிறது, நல்ல ஏணி ஒன்று போயிருக்கிறது. அதனால் ஒரு நாள் அவர் பெங்களூரிலிருந்து வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்ததுமே, இந்தத் தடவை எது போகப்போகிறதோ என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு ஒன்பது வயது. யாரையும் லேசில் நம்பமாட்டேன்.

"பாப்பா, அம்மா வண்டி ஓட்டும்போது வளைவுல பிரேக் புடிக்குமா?"

ஆகா, இதுதானா சங்கதி என்று நினைத்தேன். எங்கள் ஸ்கூட்டி மாமா வாங்கிக் கொடுத்தது, அவர் பேரில்தான் இருந்தது. அம்மாவுக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லை என்று ஒரு சாக்குக் கிடைத்தால் அதுவும் மிக்சியின் வழியிலேயே போய்விடும். அப்பா வெளிநாட்டில் இருந்தார். வண்டி இல்லாவிட்டால் அம்மா கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை வேலைக்கு எப்படிப் போவாள்?

உண்மையில் அம்மா, வளைவு கண்ணில் பட்டதுமே பிரேக் பிடிப்பாள். போதாததற்கு இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டு வருவாள். கரும்பு ஏற்றிய டிராக்டரே எங்களை முந்தியிருக்கிறது.

"பிரேக்கா? அம்மா அதத் தொடவே தொடாது மாமா. சாஞ்சி சாஞ்சி சும்மா பறக்கும்."

"நெஜமாவா? வெயிட்டு எவ்ளோ இருக்கும்?"

கனமானவர்கள் ஏறினால் வண்டி கெட்டுவிடும் என்று சொல்லப்போகிறார். "ரொம்பக் கம்மி" என்றேன். எந்தக் காலை முன்னால் வைத்துக் குழியைத் தாண்டுவாள் என்றும் கேட்டார். அதில் என்ன சூழ்ச்சி என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கல்வராயன்மலைக்குக் கூப்பிட்டார். அவர் பைக்கில் முன்னால் போக, நாங்கள் ஸ்கூட்டியில் ஊர்ந்தோம். மேலே போனதும் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு எங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார் என்று வழியெல்லாம் எதிர்பார்த்தேன். வெள்ளிமலை தாண்டி ஒரு புல் சரிவில் நிறுத்தி, சாக்கிலிருந்து ஒரு பலகையை உருவினார். அடியில் காற்றடைத்த நான்கு சக்கரங்கள், மேலே கால் மாட்ட வார்கள். அவர் வேலை செய்த இடத்தில் இதை மலைச் சரிவுகளில் ஓட்டுவார்களாம்.

"யக்கா, சின்ன வயசுல பனமட்டையில சறுக்கிக்கினு கெடந்தியே. இது உனக்குத்தான்" என்றார். "மெதுவா எறங்குறவங்களுக்குக் கையில பிரேக் வெச்ச பெரிய பலக இருக்குது. வளைஞ்சி வளைஞ்சி தானா வேகத்த அடக்குறவங்களுக்கு இந்தச் சின்னது. பிரேக்கே கெடையாது. பாப்பாவக் கேட்டுத்தான் எடுத்துக்கினு வந்தேன்."

நான் மெல்ல மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். மதியம்வரை சமதரையில் பழகியதில் இரண்டு தரம் விழுந்தாள். ஒவ்வொரு தரமும் என் பொய்யே கீழே விழுந்து எழுவதுபோல் இருந்தது. பிறகு சரிவின் உச்சியில் போய் நின்றாள்.

"மாமா, பொய் சொல்லிட்டேன்! அம்மா எல்லா வளைவுலயும் பிரேக் புடிக்கும்!"

நான் கத்தி முடிப்பதற்குள் அம்மா கிளம்பிவிட்டாள். இடப்பக்கம் சாய்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள், நடுவில் வந்த பாறையைச் சுற்றிக்கொண்டு போனாள். அடிவாரத்தில் பலகையை மேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். விழவில்லை.

"டேய், இன்னொரு வாட்டிடா!" என்று அங்கிருந்து கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நிம்மதியா, ஆத்திரமா என்று இன்றுவரை தெரியாது.

மாலையில் மாமா வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் எங்களை அனுப்பிவைத்தார். மலைப்பாதையில் முதல் வளைவு வந்தது. அம்மா பிரேக் பிடித்தாள். அடுத்ததிலும் பிடித்தாள், கால்களையும் தேய்த்தாள். ஒரு கையால் என் கைகளை இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றி வைத்து, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றாள்.

சரிவில் அப்படிப் பாய்ந்தவள் இங்கே ஏன் நடிக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கச்சிராயபாளையம் வரும்வரை யோசித்தேன். கடைசியில், அந்தப் பலகையில் மாமா ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறார், தானாகவே ஓடுகிற பலகை அது என்று முடிவுகட்டினேன். சரிவில் அவள் தனியாகப் போனாள், ஸ்கூட்டியில் பின்னால் நான் இருந்தேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.