வாய்ப்புண்ணோடு கருவாடு விற்ற நாள்

கீழுதட்டின் உட்புறம் அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சுற்றிவரச் சிவப்பு. ஒரு மிடறு தேத்தண்ணீர் பட்டாலே காதுவரை சுண்டி இழுக்கும்...

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் நான் கருவாட்டு வியாபாரம் தொடங்கிய முதல் வருடம். நேரத்துக்குச் சாப்பாடில்லை, நித்திரையில்லை. போதாததற்கு அவசரமாகப் பாண் தின்று உதட்டையும் கடித்துக்கொண்டேன். ஆட்கள் சூடு என்றார்கள். நாலு நாள் செவ்விளநீர் குடித்தேன். புண் அசையவில்லை.

அன்றைக்கென்று தம்பலகாமத்துக் கடைக்கார அக்கா ஆட்டோவில் வந்திறங்கினார். வயலில் விதைப்புக்கு ஆட்கள் இறங்கும் காலம், அவர் கடையில் கருவாடு நன்றாக ஓடும். மழையும் வரப்பார்த்தது. அவர் எடுத்தால் என் மூன்று மூட்டைப் பாரைக் கருவாடும் தப்பும். எடுக்காவிட்டால் ஈரம் ஏறி எல்லாம் வீண்.

எங்களிடம் ஒரு வழக்கம். விற்பவன் முதலில் ஒரு துண்டு தின்று காட்டவேண்டும். பிறகுதான் வாங்குபவர் வாயில் வைப்பார்.

நான் பிய்த்தேன். கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"என்ன தம்பி, உங்கட சாமானை நீங்களே தின்ன மாட்டீங்களோ?"

"வாய்ப்புண் அக்கா. சூடாம்."

"போன கிழமை ஒருத்தர் பல்லுக்குத்து எண்டவர். பாத்தா கருவாட்டில புழு."

வேறு வழியில்லை, உதட்டை இழுத்துக் காட்டினேன். அக்கா போன் டோர்ச்சை அடித்து, அண்ணாந்து நிற்கச் சொல்லி ஆராய்ந்தார். பக்கத்து வியாபாரிகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"ஓம், உண்மைதான். சூடுமில்லை ஒண்டுமில்லை. உப்புத்தண்ணியில கொப்பளியுங்கோ, உறைப்பையும் புளிப்பையும் விடுங்கோ. ஒண்டு ரெண்டு கிழமையில தானா ஆறும். மூண்டு கிழமையாகியும் ஆறாட்டி டொக்டரிட்டக் காட்டுங்கோ."

"அப்ப நீங்களே ருசி பாருங்கோவன்."

அக்கா கொஞ்சம் தயங்கினார்.

"எனக்கும் ஏலாது தம்பி... நாக்கில ரெண்டு."

கருவாட்டை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் நின்றோம். கடைசியில் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டோம். அவர் ஒரு துண்டு தின்றார், யோசித்தார், இன்னொன்று தின்றார்.

"இன்னும் முடிவாச் சொல்ல ஏலாமக் கிடக்கு அக்கா."

மூன்றாவது துண்டுக்கு நீண்ட கையை அக்கா தட்டிவிட்டார். "காணும். மூண்டையும் ஏத்துங்கோ."

இப்போது கருவாடு எல்லாம் பக்கற்றில் அடைத்துத்தான் போகிறது. வட்ஸ்அப்பில் படம் போட்டால் ஓடர் வரும். புண் வந்தால் நானும் பதறுவதில்லை, அக்கா சொன்ன வைத்தியம்தான். வியாபாரம் பெருத்துவிட்டது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் என்னிடம் வாங்குபவர்களில் பாதிப்பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அந்த அக்கா என் வாய்க்குள்ளேயே பார்த்துவிட்டுத்தான் என்னை நம்பினார்...