பிந்தி விழுந்த அடி

கல்முனைக்குடி வீட்டில், மகளின் கைபேசியில் ஓர் இளம்பெண் டிரம்ஸ் வாசித்தபடி பாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடியும் சற்றுத் தாமதமாகவே விழுந்தது.

“இவ பிந்தி அடிக்கிறா,” என்றேன்.

“வேணுமெண்டுதான் வாப்பா. ஜாஸ்ல இருந்து வந்த பழக்கம். இப்பத்தப் பாட்டுகள்ல கனக்க இருக்கு.”

அறுபது ஆண்டுகளுக்கு முன் இதையே என் ராத்தாவிடம், மூத்த சகோதரியிடம், சொல்லியிருக்கிறேன். மாமி மகளின் கல்யாணத்துக்கு மருதோன்றி அரைத்த பின்னேரம் அது. அறையெங்கும் இலையின் பச்சை வாசனை. பெண்கள் பாட, ராத்தா வெறும் பிஸ்கட் தகரத்தில் தாளம் போட்டார். பள்ளியில் கைதட்டித் தாளம் கற்றிருந்த நான் எல்லோர் முன்னிலையிலும் திருத்தினேன்.

“ராத்தா, அடி பிந்துது.”

“நான் பிந்தல்லடா. நீதான் முந்துறாய்.”

பெண்கள் சிரித்தார்கள். “படிக்கிற புள்ள சொல்றான், தகரத்தக் கீழ வை புள்ள,” என்றார் மாமி. ராத்தா வைத்துவிட்டார். அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவர் தாளம் போட்டதில்லை.

சென்ற மாதம் ராத்தாவை நல்லடக்கம் செய்தோம்.

பாட்டை மீண்டும் போடச் சொன்னேன். அந்தப் பெண்ணோடு சேர்ந்து மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் விரல்தான் முந்தியது.