திரையில் இரண்டு பேர்

கலிஸ்ராவைப் பொய்க்காரி என்று முல்லைத்தீவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். வாய்க்காரி என்பார்கள். அது உண்மை. கடற்றொழில் குடும்பத்தில் பிறந்து, "பொம்பிளை ஹயர் ஓடுறதோ?" என்று கேட்டவர்களின் வாயை அடைத்து, சொந்தக் காரில் வாடகைக்கு ஹயர் ஓடுகிறவள். போன கார்த்திகையில் அவளுக்கு நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். காரில் இருந்த மற்ற இருவரிடமும் தனித்தனியே கேட்டுவிட்டேன். ஒரு சொல் மாறவில்லை.

அது யப்பானில் ஓடிய கார். அவள் வாங்கி இரண்டு மாதம். முன்கண்ணாடியின் உச்சியில் ஒரு கமரா. எதிரே ஆள் வந்தால் கார் தானே பிரேக் பிடிக்கும், ஸ்ரியரிங்குக்குப் பின்னால் உள்ள திரையில் ஆளின் உருவம் சிவப்பாகத் தெரியும் என்று விற்றவர் புகழ்ந்து தள்ளினார். கலிஸ்ரா சிரித்தாள்.

"கோடே போடாத காட்டு றோட்டில அது என்னத்தைப் பாக்கப்போகுது? ஓட்டுறது நான்தானே."

அன்று மாலை ஒட்டுசுட்டானில் ஒரு ஹயரை இறக்கிவிட்டு நின்றபோது நிஷாந்தன் போனில் கோல் எடுத்தான். அந்தப் பக்கத்தில் கச்சான் கடலைத் தோட்டம் செய்கிறவன். அவன் மனைவி சுரேகாவுக்கு வலி தொடங்கிவிட்டது. அம்புலன்ஸ் வேறொரு அவசரத்துக்குப் போயிருந்தது.

5.52க்கு இருவரையும் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். மெல்லிய தூறல். இரண்டு பக்கமும் காடு. தண்ணீரூற்று என்ற ஊரைப் பிடித்துவிட்டால் ஆஸ்பத்திரி கிட்டத்தான்.

6.04.

பீப்... பீப்... பீப்...

கார் குலுங்கி நின்றது. அவள் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

"மாடாக்கா?" நிஷாந்தன் கேட்டான்.

றோட்டில் மாடில்லை. ஒன்றுமே இல்லை. திரையில் மட்டும் ஒரு சிவப்பு உருவம். தலை, தோள், இரண்டு கால்.

அக்சிலேற்றரை மிதித்தாள். கார் இரண்டு முழம் போனது.

பீப்...

மறுபடி நின்றது. சுவிச்சை அழுத்தி அந்த வசதியையே நிறுத்தினாள். அது அணைந்துவிட்டது என்று திரையும் காட்டியது. மிதித்தாள்.

பீப்...

6.07. சுரேகா வீரிட்டாள்.

"அக்கா... தண்ணிக்குடம் ஒடைஞ்சிருச்சு!"

நிஷாந்தன் முன்சீற்றைப் பிடித்துக்கொண்டான். "இந்த எடம் சரியில்லக்கா. சண்டை நேரம் நெறைய சனம் செத்த எடம். திரும்பிருவோம்."

"வன்னியில சனம் சாகாத இடம் எது தம்பி? இதுக்கெல்லாம் திரும்பினா நாங்கள் எங்கை போறது?"

கதவைத் திறந்து இறங்கினாள்.

இவ்வளவு நேரமும் கத்திய தவளைகள் ஓய்ந்திருந்தன. கார் வெளிச்சத்துக்குள் போய் முன்னால் நின்றாள்.

நிஷாந்தன் எட்டித் திரையைப் பார்த்தான். சிவப்பாக ஓர் உருவம். அது கலிஸ்ரா.

பக்கத்தில் இன்னொன்று.

தோளோடு தோளாக...

அவன் கண்ணாடியை இறக்கினான். "அக்கா... ரெண்டு பேர் நிக்கிறீங்க..."

கலிஸ்ரா திரும்பவில்லை. இடத்தோளில் தூறல் விழுந்தது.

வலத்தோளில் விழவில்லை.

பயந்ததை அவள் மறைக்கவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது என்றாள்.

"ஆராயிருந்தாலும் கேளுங்கோ. நாங்களும் செத்துப் பிழைச்ச ஆக்கள்தான். உள்ளுக்கை ஒரு உயிர் வரப்போகுது. இந்தக் காரை ஓட்டுறது நான். நான் போகத்தான் போறன். விலகுங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை.

அவள் அசையவில்லை.

பிறகு...

வலத்தோளில் ஒரு துளி விழுந்தது.

6.11. காரில் ஏறினாள். திரையில் யாருமில்லை. மிதித்தாள். கார் போனது. 6.26க்கு ஆஸ்பத்திரி. 7.02க்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

அது நடந்து மூன்றாம் வாரம், இந்த வகைக் கார்கள் திருத்துகிற பிரதீபனிடம் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனாள். அவன் கமராவின் மூடியைக் கழற்றினான். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தான்.

"இது முந்தி எப்பவாவது தானாப் பிரேக் பிடிச்சதோ அக்கா?"

"இல்லை. அண்டைக்கு மட்டும்தான்."

"அண்டைக்கும் பிடிச்சிருக்க ஏலாது."

வயரின் நுனியைத் தூக்கிக் காட்டினான். தூசி படிந்திருந்தது.

"ஆரோ முன்கண்ணாடி மாத்தேக்கை இதைக் கழட்டிப்போட்டுத் திருப்பிக் கொழுவேல்லை. பிழை காட்டுற லைற்றும் எரியாமல் செய்து வித்திருக்கிறாங்கள். நீங்கள் வாங்கின நாளிலையிருந்து இந்தக் காருக்குக் கண் இல்லை அக்கா."

வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"கொழுவி விடவோ?" பிரதீபன் மெதுவாகக் கேட்டான்.

"கொழுவு தம்பி. ஆர் நிக்கிறது எண்டு நானும் பாக்கவேணும்."

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் புதுக்குடியிருப்பு வழிதான் கிட்ட. அன்று மாலை கலிஸ்ரா சுற்றிக்கொண்டு, ஒட்டுசுட்டான் றோட்டால் வீட்டுக்குப் போனாள்.