அம்மா சொல்லாத பெயர்

அப்பாவின் பெயர் ஒரு சாமியின் பெயர். அதனால் அம்மாவுக்குக் கோயிலுக்குப் போனாலும் சங்கடம். அம்பகரத்தூரில் எங்கள் தெருக்கோடிக் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் "யார் பேருக்கு?" என்பார். அம்மா என்னை முழங்கையால் இடிப்பாள். நான்தான் சொல்ல வேண்டும். காரைக்கால் போகும் பஸ் ஒன்றின் நெற்றியிலும் அந்தப் பெயரே இருந்தது. அம்மா அதைப் 'பச்சை பஸ்' என்பாள். அதற்குச் சிவப்புச் சாயம் அடித்த பிறகும் பச்சை பஸ்தான். அண்ணன் தன் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்தார். பேரன் அம்மாவுக்குப் 'பெரியவன்' ஆனான். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா மனதார நம்பினாள். நான் காரைக்காலில் டைப்பிஸ்டாக இருந்தேன், நாலு எழுத்து படித்த திமிர் வேறு. "ஒரு தரம்தான் சொல்லிப் பாரேன்" என்று சீண்டுவேன். "போடி, உனக்கு என்ன தெரியும்" என்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு மறதி வந்தது. சாப்பிட்டதை மறந்தார், பிறகு என்னை, கடைசியில் அம்மாவையும். வயலை மட்டும் மறக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து, "மடையத் தொறக்கணும்" என்று முண்டாசு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா பின்னால் ஓடுவாள். "ஏங்க! நில்லுங்க! இங்க பாருங்க!" யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல அவர் போய்க்கொண்டே இருப்பார். ஒருநாள் கழுத்தளவு தண்ணீரில் நின்றவரை, மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் கரையேற்றினார்கள்.

மெட்ராஸிலிருந்து அண்ணன் ஓடிவந்தார். காரைக்காலில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றார். "இன்னொரு தரம் தண்ணியில எறங்குனா என்னடி பண்றது? அம்மா எத்தனை நாளைக்கு ஓடும்?" எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது, கண்ணில் தூக்கம் இல்லை. ஆனால் அவரை அனுப்பினால் அவளும் பாதியாகிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாத்துட்டு வருவோம்" என்றாள்.

இல்லம் துப்புரவாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா எழுந்து கேட்டை நோக்கி நடந்தார். அம்மா "ஏங்க, ஏங்க" என்று எழுந்தாள். அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்பாவின் பெயரை, வெறும் பெயரை, ஒரு தரம் உரக்கச் சொன்னார். அப்பா சட்டென்று நின்றார். திரும்பி வந்து, சிஸ்டர் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஊரில் அவர் எல்லாருக்கும் அண்ணன், மாமா, பெரியப்பா. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. உறவுமுறைகளை அவர் மறந்துவிட்டார்; சின்ன வயதில் கூப்பிட்ட பெயர்தான் மிச்சம் இருந்தது. "பாத்தியாம்மா, இங்கதான் அப்பா சொன்ன பேச்சு கேக்குறாங்க" என்றார் அண்ணன். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து விடுவதாகப் பேசி முடித்தார்.

வியாழக்கிழமை காலையில் அப்பா மறுபடியும் கிளம்பிவிட்டார். தெருக்குழாயில் பெண்கள், டீக்கடையில் ஆண்கள், தெரு முனையில் நிறைய ஓடும் வாய்க்கால். நான் செருப்பைத் தேடினேன். அம்மா ஓடவில்லை. வாசலில் நின்று, ஒரு கையால் தாலியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். அப்பாவின் பெயர் தெரு முழுக்கக் கேட்டது. அதோடு பழக்கதோஷத்தில், "வாங்க!" என்றும் சேர்த்துக்கொண்டாள். குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

அப்பா திரும்பினார். "இந்தா வந்துட்டேம்மா" என்றார்.

அவர் யாரை நினைத்து அப்படிச் சொன்னார் என்பது அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். அவளைப் போன்ற தைரியசாலியை நான் பார்த்ததில்லை. அவர் ஆயுசுக்கு ஆபத்து என்று நம்பிய காரியத்தை அவர் உயிருக்காகவே செய்தாள். உள்ளே அண்ணன் அப்பாவின் துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எடுத்து வெளில வைப்பா. அவங்க இங்கயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அவங்க பேரு எனக்குந்தான் தெரியும்."

அதற்குப் பிறகு சாப்பிட, குளிக்க, படுக்க, எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். தெருவிலும் சொல்லிவைத்தாள்: "வாய்க்கா பக்கம் பாத்தீங்கன்னா பேரச் சொல்லியே கூப்புடுங்க. தப்பில்ல." சிலர் முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொண்டார்கள். அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

சில வருஷங்கள் கழித்து ஒரு மார்கழியில், தன் கட்டிலிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். பெயரைச் சொன்னதால்தான் என்று அம்மா தன்னையே நொந்துகொள்வாளோ என்று பயந்தேன். அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

கருமாதி முடிந்து தெருக்கோடிக் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றப் போனோம். குருக்கள் பெயர் கேட்டார். தெருவே கேட்கக் கூப்பிட்டவள் என்னை முழங்கையால் இடித்தாள்.

"நீயே சொல்லேம்மா" என்றேன்.

"இனிமே நான் கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டாங்கடி" என்றாள். "நீ சொல்லு."