தண்ணீரில் அமுக்கிய கை

என் பிடரியில் இரண்டு கைகள் இருந்தன. ஒன்று பாஸ்டருடையது, இன்னொன்று அப்பாவுடையது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மணலில் வலைகள் காய்ந்துகொண்டிருந்த ஒரு கரையில், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை எனக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். வெள்ளைப் பாவாடை தாவணி உடுத்தியிருந்தேன். வாய்க்குள் உப்பும் மணலும் போனது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

எனக்கு வலிப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆரம்பித்தது. செங்கல்பட்டில் நாங்கள் போன சபையில் நகை பாவம், பூ பாவம், டீவி பாவம். மருந்து இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம். மாத்திரை போடுகிறவன் கர்த்தரை நம்பாதவன். அப்பா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். பகலெல்லாம் முள் காட்டும் அளவை நம்புகிறவர், வீட்டுக்கு வந்தால் தெர்மாமீட்டரைக்கூட நம்பமாட்டார். அதில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

எனக்குள் பிசாசு இருக்கிறது என்று பாஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வலிப்பு அடங்கி, எங்கே கிடக்கிறோம் என்று தெரியாமல் நான் விழிக்கிற நேரம் பார்த்து அப்பா அடிப்பார். அந்த நேரத்தில் பிசாசும் களைத்திருக்குமாம், துரத்துவது சுலபமாம். "ஒன்ன அடிக்கல பாப்பா, உள்ள கீறான் பாரு, அவன அடிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அடிப்பார். அடிக்கும்போது அழவும் செய்வார். அவனுக்கு விழுந்த அடியில் என் முன்பல் ஒன்று போயிற்று. பிசாசுக்குப் பல் போனதா என்று யாரும் பார்க்கவில்லை.

எதற்கும் அவன் போகாததால் கடைசி வழியாக ஞானஸ்நானம் முடிவாயிற்று. அதற்கு முன் பட்டினி உபவாசம், விடிய விடிய ஜெபம். பட்டினியும் தூக்கம் கெடுவதும் வலிப்பைக் கூப்பிட்டு வரும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அவர்கள் கூப்பிட்டார்கள், அது வந்தது. தண்ணீரில் முழுக்கிய அந்த நொடியில் என் உடம்பு வெட்டி இழுத்திருக்கிறது. பரிசுத்த ஆவியைக் கண்டு பிசாசு துடிக்கிறான், அவன் போகிறவரை மேலே விடக் கூடாது என்று பாஸ்டர் கத்தினார். "அமுக்குங்க பிரதர், இன்னும் அமுக்குங்க!" கரையில் சபையார் "இயேசுவின் இரத்தம் ஜெயம், இரத்தம் ஜெயம்" என்று கைதட்டினார்கள். அப்பா அமுக்கினார்.

எங்கள் சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது. அம்மா அன்றுதான் திறந்தாள். முக்காடு நழுவத் தண்ணீருக்குள் ஓடி, "யோவ், எம் பொண்ண கொல்றீங்கய்யா! அது செத்துகினு கீதுய்யா!" என்று அலறினாள். அதே நேரத்தில் என் உடம்பு துடிப்பு நின்று தொய்ந்துபோனது அப்பாவின் கைக்குத் தெரிந்திருக்கிறது. பிசாசு போய்விட்டான் என்று பாஸ்டர் ஸ்தோத்திரம் சொன்னார். அப்பா அவர் மூக்கில் குத்தினார். அதுவரை வேதத் தமிழில் முழங்கிக்கொண்டிருந்த பாஸ்டர், "யோவ், இன்னாய்யா பண்றே நீ!" என்று அலையில் உட்கார்ந்தார். வெள்ளை ஜிப்பா முழுக்க ரத்தம். அப்பா மறுபடியும் குத்தினார். பிடித்து இழுத்த இரண்டு விசுவாசிகளையும் அடித்தார். என்னைக் குப்புறப் போட்டு முதுகில் ஓங்கித் தட்டித் தண்ணீரைக் கக்கவைத்தவர் அம்மா கூப்பிட்ட மீன்காரர் ஒருவர். ஆஸ்பத்திரிக்குப் போனால் சபைக்கு வராதே என்று பாஸ்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அடுத்த ஞாயிறு எங்கள் குடும்பத்தை விலக்கிச் சாத்தானிடம் ஒப்புக்கொடுத்ததாகச் சபையில் அறிவித்தார்கள். நான் மாத்திரை போட ஆரம்பித்தேன். அப்பா வேதத்தைத் தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த, வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை உடைத்தார், கதவை உடைத்தார். என்னை மட்டும் தொடவில்லை. அவரோடு வேலை பார்த்த நாகர்கோவில்காரர் ஒருவர், எல்லாம் கடவுள் தீர்மானித்தபடியே நடக்கிறது என்கிற சீர்திருத்த இறையியல் படிக்கிற சிறிய கூட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போனார். அங்கே கைதட்டல் இல்லை, பேயோட்டுதல் இல்லை. மணிக்கணக்கில் வாசிப்பும் விளக்கமும்தான். அப்பா சண்டை போடத்தான் போனார். "எம் பொண்ணுக்கு விசுவாசம் பத்தலன்னாங்களே, அதுக்கு இன்னா சொல்ற நீ?" என்று மேசையைக் குத்தியிருக்கிறார். "விசுவாசமே கர்த்தர் குடுக்கிறதுதான் சார். நம்ம புடியில ஒண்ணும் இல்ல, அவரு புடியிலதான் இருக்கோம்" என்றாராம் நாகர்கோவில்காரர். அப்பா வாரம் தவறாமல் போக ஆரம்பித்தார்.

நான் போகவில்லை. ஒரு கடவுளிடம் பட்டதே போதும் என்று இருந்தது எனக்கு. இரண்டாயிரத்துக்குப் பிறகு நாவலூரில் வேலைக்குச் சேர்ந்தேன். பெண் பார்த்துப் பிடித்துப்போன ஒரு குடும்பம், வலிப்பு விஷயம் தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லியனுப்பியது. அன்று மாலை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எல்லாம் அவரு சித்தம்மா" என்றார்.

தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். குழம்பு அவர் முகத்தில் தெறித்தது. "அப்போ நீ என்ன அடிச்சது? பல்லு போனது? தண்ணில போட்டு அமுக்குனியே, அதுவும் அவரு சித்தமா? நல்லா கீதுப்பா ஒன் புது சாமி! மொத பிசாசு மேல போட்ட, இப்போ கடவுள் மேல போடுறியா?" அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனமில்லை.

அம்மா ஓடிவந்தாள். அப்பா முகத்தைத் துடைக்கவில்லை.

"அமுக்குனது நானு. பிசாசும் இல்ல, கடவுளும் இல்ல. எவனும் என் கையப் புடிச்சி அமுக்க வெக்கல. அது என் பாவம், அவருகிட்ட நான்தான் பதில் சொல்லணும். நீ பொழச்ச பாரு, அத மட்டும் நான் பண்ணல."

மன்னித்துவிடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். இத்தனை வருடங்களில் எத்தனையோ பேர் எனக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அடித்தவர் ‘நான்தான் செய்தேன்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு மனிதனை அப்படிச் சொல்லவைக்கிற கடவுள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது நானும் கிளம்பினேன். கோபம் ஆறியிருக்கவில்லை. கோபத்தோடேயே போனேன்.